ஃபோர்க் பைப்புல செஞ்சவங்க பேர பொறிக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய மோட்டார் சைக்கிளுங்க வரிசையா நிக்கற போட்டோ போட்டு, கீழ இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் இப்ப ஸ்பேர் பார்ட்ஸ் ஈஸியா கிடைக்குதுன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. போட்டோ ரொம்ப அழகா இருந்துச்சு, எங்கப்பா அதை வெட்டி எடுத்து பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்காரு, ஆனா அந்த ஒரு வரிய மட்டும் அப்படியே விட முடியல, அதுக்குதான் இந்த லெட்டர். பிஸ்டன் கிடைக்குது, ரிங் கிடைக்குது, கிளட்ச் பிளேட், சைலன்சர், ரப்பர் சாமான், சீட் கவர் எல்லாம் கிடைக்குது. முன் ஃபோர்க், அதாவது முன் வீல பிடிச்சிருக்கற ரெண்டு கால், அது மட்டும் கிடைக்கல சார். ஃபோர்க்குன்னு சொல்லி ஒண்ணு விக்கறாங்க, அதை மாட்டிக்கிட்டு ரோட்டுல போறது உயிருக்கு ஆபத்து. நாலு மாசம் அலைஞ்சு நாங்க பட்டத எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்ச வரைக்கும் வெட்டாம போடுங்க.

எங்க வீடு ஸ்ரீராமபுரத்துல. அப்பா ஆம்பூர் பக்கத்து கிராமத்துலேர்ந்து பதினெட்டு வயசுல பெங்களூர் வந்தவரு, ஒரு பப்ளிக் செக்டார் ஃபேக்டரில டூல் ரூம் டர்னரா, அதாவது லேத்துல இரும்பு கடையற வேலைல, முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்து ரிடையர் ஆனாரு. 1940-ல விமானம் செய்யற எச்ஏஎல், 1948-ல டெலிபோன் செய்யற ஐடிஐ, 1953-ல மெஷின் செய்யற எச்எம்டி, 1954-ல எலக்ட்ரானிக்ஸ் செய்யற பிஇஎல்னு வரிசையா இந்த ஊருக்கு ஃபேக்டரி வந்தப்ப லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் நம்மாளுங்க எவ்ளோ பேர் வந்து சேந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும், எங்க தெருவுலயே அப்படி பத்து வீடு இருந்துச்சு. வேலை பர்மனன்ட் ஆனதும் 1976-ல அப்பா வாங்கினதுதான் இந்த ஜாவா, 1969 மாடல், 250 சிசி, மெரூன் கலர், செகண்ட் ஹேண்ட். கிக் பண்ற அதே லிவர மடக்கினா கியர் லிவரு, அதை தெரியாதவங்க வந்து தேடித் தேடி பாப்பாங்க. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது, நான் ஸ்கூலுக்கு போனது, தம்பி தொழிற்பயிற்சி பரிட்சைக்கு போனது எல்லாம் இதுலதான். இப்ப அப்பாவுக்கு 76 வயசு, காலைல மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்கு அதுலதான் போயிட்டு வந்துட்டிருந்தாரு, போன வருஷம் ஜூன் வரைக்கும்.

ஜூன்ல ஒரு ராத்திரி நல்ல மழை, தம்பி வண்டிய எடுத்துட்டு மாகடி ரோடு பக்கமா வந்துட்டிருந்தான், தண்ணி நின்ன குழி, ஆழம் தெரியல, முன் வீல் உள்ள இறங்கி ஓரத்துல மோதி நின்னுடுச்சு. தம்பிக்கு மணிக்கட்டுல ஃப்ராக்சர், வேற ஒண்ணும் இல்ல, கடவுள் புண்ணியம். வண்டிய தள்ளிட்டு வந்து வாசல்ல நிறுத்தினப்ப அப்பா டார்ச் அடிச்சு பக்கவாட்டுல ஒரு நிமிஷம் பாத்தாரு, அவ்ளோதான், "ஃபோர்க் போச்சு பாப்பா"ன்னாரு. முன் வீல் இஞ்சின் பக்கமா உள்ள வந்திருந்துச்சு, ஹேண்டில நேரா பிடிச்சா வீல் கொஞ்சம் இடது பக்கம் பாத்துச்சு.

வண்டி ஓட்டாதவங்களும் நம்ம பேப்பர் படிப்பாங்க, அதனால ஃபோர்க்குன்னா என்னன்னு சொல்லிடறேன். முன் வீலோட ரெண்டு பக்கமும் ரெண்டு கால் இருக்கும். ஒவ்வொரு கால்லயும் மேல ஒரு ஸ்டீல் பைப்பு, அந்தப் பைப்பு மேல ஏறி இறங்கற மாதிரி கீழ ஒரு கூடு, அதை மெக்கானிக்குங்க பாட்டம்னு சொல்வாங்க, உள்ள ஸ்ப்ரிங்கும் ஆயிலும் இருக்கும். ஸ்ப்ரிங்கு அடிய வாங்கிக்கும், ஆயிலு சின்ன சின்ன ஓட்டை வழியா மெதுவா போய் வந்து ஸ்ப்ரிங்கு துள்ளாம பாத்துக்கும். பைப்புக்கும் பாட்டத்துக்கும் நடுவுல ஆயில் வெளிய வராம ஒரு ரப்பர் சீல். பைப்பு ரெண்டையும் மேல பிடிச்சிருக்கறது டி. பிரேக் அடிக்கறப்ப வண்டியோட எடை, ஓட்டறவரோட எடை, பின்னாடி உக்காந்திருக்கறவங்க எடை எல்லாத்துலயும் பெரும்பகுதி முன்னாடி சாஞ்சு இந்த ரெண்டு பைப்பு மேலதான் வரும். இஞ்சின் பழுதானா வண்டி நிக்கும், தள்ளிட்டு வீட்டுக்கு வந்துடலாம். இந்தப் பைப்பு வழியில உடைஞ்சா ஆளு முகம் தரையில போய்த்தான் நிக்கும்.

மொத மொத ஜேசி ரோடுதான் போனோம், பெங்களூர்ல வண்டி ஸ்பேர்னா எல்லாருக்கும் மொத அங்கதானே கால் போகும். அப்பாவால அவ்ளோ தூரம் நடக்க முடியாது, ஒரு கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுட்டு நான் மட்டும் ஏறி இறங்கினேன். எட்டு கடைல கேட்டேன், ஏழு கடைல "சிகல்ல மேடம்", கிடைக்காதுன்னு ஒரே வார்த்தை, அதுல ஒருத்தர் மட்டும் கொஞ்சம் நல்லா பேசினாரு, ஜாவா ஃபோர்க் ஒரிஜினல் பேக்கிங்ல பாத்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சும்மான்னாரு. எட்டாவது கடைல உள்ள போய் கன்னட பேப்பர்ல சுத்தின ஒரு ஜோடி பைப்ப எடுத்துட்டு வந்தாங்க, பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுச்சு, ஒரிஜினல் அளவு, ஒரிஜினல் குவாலிட்டி, ஏழாயிரம் ரூபான்னாங்க. யார் செஞ்சது, எந்த ஊர்ல செஞ்சதுன்னு கேட்டேன், மேல ஏதாவது பேரோ நம்பரோ அடிச்சிருக்கான்னு திருப்பித் திருப்பி பாத்தேன், ஒண்ணுமே இல்ல. அப்பா கையில வாங்கி தூக்கி பாத்துட்டு லேசா இருக்கேன்னாரு. அப்பவே திரும்பி வந்திருக்கணும். தம்பிக்கு கட்டு பிரிச்சாச்சு, மழையும் விட்டாச்சு, எப்படியாவது வண்டி ஓடட்டும்னு நான்தான் பணத்த எடுத்து குடுத்தேன்.

மாட்டி சரியா மூணு வாரம். ஒரு நாள் காலைல அப்பா முன் பிரேக் பிடிச்சிருக்காரு, பிடிக்கவே இல்ல. இறங்கி பாத்தா இடது பக்கத்து சீல்லேர்ந்து ஆயில் வழிஞ்சு ஹப்பு மேல இறங்கி பிரேக் டிரம்முக்குள்ளயே போயிருக்கு, பிரேக் ஷூ ரெண்டும் எண்ணெய்ல ஊறி கிடக்கு. நல்ல வேளை அது எங்க தெரு முனை. வீட்டுக்கு வந்து கழட்டினா பைப்போட பளபளப்பு நகத்தால சுரண்டினாலே செதில் செதிலா வருது. அப்பா தன்னோட பழைய மைக்ரோமீட்டர எடுத்து மேல ஒரு இடம், நடுவுல ஒரு இடம், கீழ ஒரு இடம்னு பிடிச்சு பாத்தாரு, ஒரே பைப்புல மூணு இடத்துல மூணு அளவு. அப்புறம் மனசு கேக்காம தெரிஞ்சவர் லேத்துல அதை நீளவாக்குல அறுத்துப் பாத்தாரு, உள்ள மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கோடு ஓடுது. அது வெல்டிங் கோடு. தகட்ட சுருட்டி ஓரத்த வெல்டு பண்ணி செய்யற பைப்பு, கேட்டுக்கும் கட்டிலுக்கும் போடற ஜாதி. ஃபோர்க்குக்கு நல்லது இணைப்பே இல்லாம இழுத்து செய்யற பைப்பு, கடைக்காரங்க சிடிஎஸ்னு சொல்வாங்களே அது. என் அப்பா கோவப்பட்டு நான் அதிகம் பாத்ததில்ல. அன்னைக்கு அந்த அறுத்த பைப்ப கையில வச்சுக்கிட்டு, "இத செஞ்சவன் தன் புள்ள ஓட்டற வண்டில இத மாட்டுவானா கேளு"ன்னாரு.

அந்த பளபளப்பு பத்தியும் சொல்லணும், ஏன்னா என்னை மாதிரி எல்லாரும் அங்கதான் ஏமாறுவாங்க. ஹேண்டில் பாருக்கும் சைலன்சருக்கும் போடற குரோம் அழகுக்கு. நிக்கல் மேல ஒரு மைக்ரான் கூட இருக்காது அந்த குரோம், மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. தலைமுடி ஒண்ணே எழுவது மைக்ரான் கிட்ட இருக்கும்னா பாத்துக்கோங்க. ஃபோர்க் பைப்புக்கு வேண்டியது ஹார்டு குரோம், அது இருவது முப்பது மைக்ரான் தடிமனா ஏத்தி அதுக்கப்புறம் கிரைண்டிங் பண்ணி அளவுக்கு கொண்டு வரணும். சீலு நாள் முழுக்க அது மேல ஏறி இறங்கி தேய்க்குதே, அழகு குரோம் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது சிவாஜிநகர் குஜிரி. பழைய இரும்பு, பழைய வண்டி சாமான் எல்லாம் குவிஞ்சு கிடக்கற இடம், சென்னைல புதுப்பேட்டை எப்படியோ இங்க இது அப்படி. அங்க ஒரு பாய், அப்பா வயசுதான் இருக்கும், உருதுவும் தமிழும் கலந்து பேசுவாரு, ஜாவான்னதும் உள்ள கூட்டிட்டு போய் ஒரு மூலைய காட்டினாரு. நாலு ஃபோர்க் இருந்துச்சு. ஒண்ணு வளைஞ்சது, ரெண்டுல துரு புடிச்சு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா, இன்னொண்ணு பாக்க நல்லா இருந்துச்சு. நான் அதை எடுத்தேன். பாய் என் கையிலேர்ந்து வாங்கி கடை கண்ணாடி ஷோகேஸ் மேல வச்சு உருட்டினாரு, அது ஓடாம தக்கு தக்குன்னு தட்டி தட்டி போச்சு. "வேண்டாம் மகளே, இதுவும் வளைஞ்சதுதான். உங்க வண்டி பழைய பைப்பு இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"ன்னு கேட்டாரு. இருக்குன்னேன். "அது மைசூர் ஃபேக்டரி மால். அதையே சரி பண்ணுங்க"ன்னாரு. ரெண்டாயிரம் ரூபாக்கு வித்திருக்கலாம் அவரு, நான் வாங்கவும் ரெடியாதான் இருந்தேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு.

நடுவுல எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு, இப்ப வர்ற ஏதாவது 150 சிசி வண்டியோட ஃபோர்க்க டி-யோட சேத்து மாட்டிடலாம், டிஸ்க் பிரேக்கும் வந்துடும்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு, நிறைய பேர் அப்படி மாட்டி ஓட்டறாங்க. அப்பா உக்கார வச்சு பேப்பர்ல வரைஞ்சு காட்டினாரு. ஜாவாவுக்கு 16 இஞ்ச் வீலு, புது வண்டிக்கெல்லாம் 17, 18. ஃபோர்க்கோட நீளம் மாறினா வண்டியோட முன் பக்கம் ஏறும் இல்ல இறங்கும், ஹேண்டில் தண்டோட சாய்வு மாறும், அந்த சாய்வுதான் வண்டி நேரா போறதையும் வளைவுல திரும்பறதையும் முடிவு பண்ணுது. கொஞ்சம் நிமிந்துட்டா வேகத்துல ஹேண்டில் படபடன்னு ஆட ஆரம்பிக்கும். அந்தக் காலத்துல ஒரு இன்ஜினியர் உக்காந்து கணக்கு போட்டு வச்சத நாம கடைத் தெருவுல நின்னு மாத்தக்கூடாதுன்னாரு. இன்னொரு காரணமும் இருக்கு. 2021 ஜூலைல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு, அம்பது வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம், புதுசா பதிய 20,000 ரூபா, நம்பர்ல விஏன்னு ரெண்டு எழுத்து வரும், ஆனா வண்டி அதோட பழைய ஒரிஜினல் ரூபத்துல இருக்கணும். அப்படி பதிஞ்சா தினமும் ரோட்டுல ஓட்ட முடியாதுங்கறதால அப்பா அதுக்கு போகல, சாதா ஆர்சியவே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினீவல் பண்ணிக்கறாரு. ஆனா எனக்கப்புறம் நீங்க பதியணும்னா வண்டி முழுசா இருக்கணும் இல்லம்மான்னு சொல்லுவாரு.

மைசூருக்கும் ஒரு நாள் போயிட்டு வந்தோம், தம்பி கார்ல. பொறந்த ஊர்ல கேக்காம வேற எங்க கேக்கறது? ஜாவாங்கற பேரு செக் நாட்டுல 1929-ல வந்தது, யானெச்செக்ங்கற முதலாளி பேர இங்கிலீஷ் எழுத்துல எழுதினா மொத ரெண்டு எழுத்து JA, வாண்டரர்ங்கற கம்பெனி பேருல மொத ரெண்டு எழுத்து WA, சேத்து ஜாவா. அங்கேர்ந்து லைசென்ஸ் வாங்கி இரானி குடும்பம் மைசூர் யாதவகிரில ஐடியல் ஜாவா ஃபேக்டரிய போட்டு 1961-லேர்ந்து வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க, அப்புறம் எழுவதுகள்ல பேரு யெஸ்டின்னு மாறிச்சு, ரோட்கிங் மாடலெல்லாம் அப்ப வந்ததுதான், 1996-ல ஃபேக்டரி மூடினாங்க. மூடினதோட ஒரிஜினல் ஃபோர்க் செய்யறதும் நின்னு போச்சு. மைசூர்ல இன்னும் இந்த வண்டிய கண்ண மூடிக்கிட்டு கழட்டி மாட்டற மெக்கானிக்குங்க இருக்காங்க, அதுல ஒரு பெரியவரு வீட்டு பின்னாடி ஷெட்ல தேடி ஒரே ஒரு பாட்டத்த எடுத்து குடுத்தாரு, எங்களோட வலது பக்கத்து பாட்டத்துல குழில மோதினப்ப ஒரு விரிசல் வந்திருந்துச்சு, அதுக்கு பதில். பைப்பு மட்டும் இல்லன்னுட்டாரு. "ஃபேக்டரி இருக்கறப்ப நூறு நூறா பாத்தேன், அப்ப ஒண்ணு எடுத்து வைக்கணும்னு யாருக்கு தோணுச்சு"ன்னு கன்னடத்துல சொன்னாரு, அப்பா அதுக்கு ரொம்ப நேரம் பதிலே சொல்லல, ரெண்டு பேரும் அந்த பாட்டத்த மாத்தி மாத்தி கையில வச்சு பாத்துட்டிருந்தாங்க.

செக் நாட்டுல இன்னும் இந்த வண்டிக்கு பார்ட்ஸ் செஞ்சு விக்கறாங்க, நல்ல தரம்னு சொல்றாங்க. கூரியர், கஸ்டம்ஸ் டியூட்டி எல்லாம் போட்டு பாத்தா பென்ஷன்ல வாழற குடும்பத்துக்கு கட்டுப்படியாகாது.

கடைசில பாய் சொன்ன வழிதான். பரண்லேர்ந்து எங்க பழைய ரெண்டு பைப்பையும் இறக்கினோம். அப்பா மண்ணெண்ணெய்ல கழுவி, ஜன்னல் கண்ணாடி ஒண்ண மேஜை மேல படுக்க வச்சு உருட்ட சொன்னாரு. பைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெளிச்சம் எங்க தெரியுதுன்னு பாத்து அங்க சாக்பீஸ்ல கோடு போடணும். இடது பைப்பு கீழ் டி-க்கு சரியா கீழ லேசா வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. வலது பைப்புல வளைவு மட்டும் இல்ல, உள் பக்கம் தோல் சுருங்கின மாதிரி ஒரு மடிப்பு. வளைவ நிமித்தலாம், மடிப்பு விழுந்தத தொடவே கூடாதுன்னாரு, அந்த இடத்துல இரும்பு ஏற்கனவே செத்துடுச்சாம். டி-யும் நேரா இருக்கான்னு பாக்க ஒரு வழி வச்சிருந்தாரு: நேரான ரெண்டு கம்பிய டி-யோட ரெண்டு ஓட்டைலயும் மாட்டி குறுக்க கண்ணாடிய வச்சா நாலு மூலையும் உக்காரணும், ஒரு மூலை டக்கு டக்குன்னு ஆடினா டி முறுக்கியிருக்குன்னு அர்த்தம். எங்களது ஆடல. இது தெரியாம புது ஃபோர்க்க முறுக்கின டி-ல மாட்டிட்டு ஃபோர்க்க குறை சொல்றவங்க எவ்ளோ பேரு.

பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல அப்பாவோட பழைய சிஷ்யர் ஒருத்தர் கிரைண்டிங் ஷாப் வச்சிருக்காரு, தர்மபுரிக்காரரு, அப்பாவ ஐயான்னுதான் கூப்பிடுவாரு. இடது பைப்ப வி-பிளாக் மேல வச்சு வளைவ காட்டற டயல் கேஜ் மாட்டி சுத்திப் பாத்து, சூடு காட்டாம ஹைட்ராலிக் பிரெஸ்ல கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி, திரும்ப சுத்திப் பாத்து, திரும்ப அழுத்தி, ஒரு மத்தியானம் முழுக்க அதே வேலை. சூடு காட்டினா வேலை சீக்கிரம் முடியும், ஆனா பைப்போட பலம் போயிடும். நிமித்தினதுக்கப்புறம் சிவப்பு டை தடவி துடைச்சு மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சாங்க, விரிசல் இருந்தா வெள்ளைல சிவப்பு கோடா கசியும். ஒரு கோடும் வரல. அப்பா அப்பத்தான் உக்காந்தாரு.

வலது பைப்ப புதுசா செய்ய வேண்டியதாச்சு. சிடிஎஸ் பைப்பு வாங்கி லேத்துல கடைஞ்சாங்க. அளவுக்கு எங்க போறது, வண்டி ஓடி ஓடி பழைய பைப்பு தேஞ்சிருக்குமே? டி-க்குள்ள மாட்டிக்கிட்டிருந்த பாகம் சீல்கிட்ட போகவே போகாது, அங்க தேய்மானம் இருக்காது, அங்க மைக்ரோமீட்டர் வச்சா ஒரிஜினல் அளவு கிடைக்கும்னு அப்பா சொன்னாரு. அந்த சிஷ்யரே, இத்தனை வருஷம் தொழில்ல இருக்கறவரு, எனக்கு தோணலியே ஐயான்னாரு. மேல மூடி போடற மரைய பிட்ச் கேஜ் வச்சு பாத்து வெட்டினாங்க, ஜாவா செக் டிசைன்ங்கறதால மெட்ரிக் மரை, பழைய புல்லட்டா இருந்தா பிரிட்டிஷ் மரை, அது வேற தலைவலி. ஆனா ஒரு விஷயம் அப்பாவுக்கு கடைசி வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வெளி அளவு எடுத்தாச்சு, உள் அளவு எடுத்தாச்சு, நீளம் எடுத்தாச்சு, அந்த ஸ்டீல் என்ன கிரேடு, எவ்ளோ ஹார்டுனஸ்னு டிராயிங் இருந்தாத்தானே தெரியும். அதனால கொஞ்சம் கனமாவே இருக்கட்டும்னு பைப்போட சுவர் தடிமன ஒரிஜினல விட கூட்டி வச்சாரு.

ஹார்டு குரோமுக்கு பக்கத்துலயே வேற யூனிட். பழைய குரோம எடுத்து, துரு குழி போற வரைக்கும் கிரைண்ட் பண்ணி, குரோம் ஏத்தி, திரும்ப அளவுக்கு கிரைண்ட் பண்ணினாங்க. ஸ்டீல் கெட்டியானதா இருந்தா குரோம் தொட்டில ஹைட்ரஜன் உள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் ஒரு நாள் கண்ணாடி மாதிரி பட்டுன்னு உடையும், அதனால வெளிய எடுத்ததும் ஓவன்ல இருநூறு டிகிரி கிட்ட சில மணி நேரம் வைக்கணும்னு அப்பா சொல்லி வச்சு, நின்னு பாத்துட்டுதான் வந்தாரு. இந்த குரோம் தொட்டி தண்ணி பொல்லாத விஷம், புற்றுநோய் வர வைக்கும், மண்ணுல விட்டா கிணத்துத் தண்ணி கெட்டுடும். அந்த யூனிட்ல தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட் ஓடுதான்னு கேட்டு பாத்துட்டுதான் நாங்க குடுத்தோம், நீங்களும் கேளுங்க, ரேட்டு குறைச்சு போடறவங்ககிட்ட கண்டிப்பா கேளுங்க. பிரெஸ், லேத்து, கிரைண்டிங், குரோம் எல்லாம் சேத்து 9,400 ரூபா ஆச்சு. கடைல வாங்கின டூப்ளிகேட்ட விட அதிகம்தான்.

மாட்டறது ஒரே நாள் வேலை. சீல் மேல மூணு நம்பர் போட்டிருக்கும், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், அந்த மூணும் சரியா இருந்தா வேற வண்டி சீல் கூட உக்காரும், ஜாவா சீல்னு கேட்டு அலைய வேண்டியதில்ல. சீலோட உதட்டுல எண்ணெய் தடவி, பைப்பு முனைல பிளாஸ்டிக் கவர் சுத்தி இறக்கணும், இல்லன்னா முனை குத்தி மொத நாளே கிழிஞ்சிடும். ரெண்டு கால்லயும் ஆயில அளவு ஜாடில அளந்து ஒரே அளவு ஊத்தணும், குத்துமதிப்பா ஊத்தினா ஒரு கால் கெட்டியாவும் ஒரு கால் லொடலொடன்னும் இருக்கும். எல்லாம் முடிச்சு அப்பா முன் பிரேக்க பிடிச்சுக்கிட்டு ஹேண்டில கீழ அமுக்கி விட்டாரு, வண்டி மெதுவா மூச்சு விடற மாதிரி மேல வந்து நின்னுச்சு. அக்டோபர் கடைசி அது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஆயில் கசியல.

எங்களுக்கு அப்பா இருந்தாரு, அப்பாவோட மைக்ரோமீட்டர் இருந்துச்சு, பீன்யாவுல அவர மதிக்கற ஒரு சிஷ்யர் இருந்தாரு. இது எதுவும் இல்லாத பையன், தாத்தாவோட ஜாவாவையோ யெஸ்டியையோ ராஜ்தூத்தையோ ஆசையா எடுத்து ஓட்டறவன், ஜூலை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஜாவா ஓட்டறவங்க ஒண்ணு கூடற ஜாவா டேக்கு இந்த ஊர்ல எவ்ளோ பசங்க வர்றாங்க, அவன் ஜேசி ரோட்டுக்கு போய் அந்த பேப்பர் சுத்தின பைப்பத்தான் வாங்குவான். ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் 1-லேர்ந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் ஆக்கினாங்க, ரொம்ப நல்ல காரியம், விழுந்தா தலைய காப்பாத்தற சாமானுக்கு முத்திரை வேணும்னா, விழாம காப்பாத்தற சாமான்ல செஞ்சவங்க பேராவது இருக்க வேண்டாமா? நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. தனியா விக்கற ஒவ்வொரு ஃபோர்க் பைப்பு மேலயும், டி-க்குள்ள மறையற இடத்துலயாவது, யார் செஞ்சது, இணைப்பில்லாத பைப்பா வெல்டு பைப்பா, எந்த மாசம் எந்த வருஷம், இந்த மூணையும் பன்ச் பண்ணி விக்கணும். பேர் போட வேண்டியிருந்தா யாரும் கட்டில் பைப்புல ஃபோர்க் செய்ய மாட்டாங்க. வாங்கறவங்களும் பேர் இல்லாத பைப்ப எவ்ளோ மின்னினாலும் திருப்பிக் குடுத்துடணும்.

ரெண்டாவது, உற்பத்தி நின்னு போன வண்டிங்களோட டிராயிங் இன்னைக்கு யார்கிட்ட இருக்கோ அவங்க ஃபோர்க், டி, பிரேக், ஆக்ஸில் இந்த நாலு சாமானோட டிராயிங்கையாவது வெளிய குடுக்கணும். அதுல இப்ப அவங்களுக்கு என்ன வியாபார ரகசியம் இருக்க முடியும், அந்த வண்டி செஞ்சு நிறுத்தி முப்பது வருஷம் கிட்ட ஆச்சு. ஸ்டீல் கிரேடும் ஹார்டுனஸும் எழுதின ஒரே ஒரு தாள் இருந்திருந்தா எங்கப்பா மாதிரி ஆளுங்க தடிமன கூட்டி வச்சு மனச தேத்திக்க வேண்டியதில்ல. பீன்யாவுல, ராஜாஜிநகர்ல, கோயம்புத்தூர்ல, ஓசூர்ல அத செய்யற கை இன்னும் இருக்கு. ஆனா அந்தக் கைங்களுக்கு எல்லாம் எழுவது வயசு ஆகுது சார், எங்க தெருவுல இருந்த பத்து வீட்ல இப்ப மூணு வீட்லதான் அந்த ஆளுங்க இருக்காங்க. ஸ்பேர் ஈஸியா கிடைக்குதுன்னு எழுதின நிருபர் தம்பிய ஒரு நாள் அனுப்பி வைங்க, நான் கூட்டிட்டு போய் காட்டறேன்.

அப்பா எங்க வண்டியோட ரெண்டு பைப்பையும் எல்லா அளவும் போட்டு கிராஃப் தாள்ல பென்சில்ல வரைஞ்சிருக்காரு. மரை அளவு, நீளம், டி-க்குள்ள எவ்ளோ தூரம், சீல் எந்த இடம் வரைக்கும் வரும் எல்லாம் இருக்கு, ஸ்டீல் கிரேடுன்னு எழுதி பக்கத்துல கட்டத்த காலியா விட்டிருக்காரு. அதோட ஜெராக்ஸ் இந்த லெட்டரோட வச்சிருக்கேன். 1996-க்கு முன்னாடி மைசூர் ஃபேக்டரில வேலை பாத்த தமிழ்க்காரங்க யாராவது நம்ம பேப்பர் படிக்கறவங்க இருந்தா, அந்த காலி கட்டத்துல என்ன வரணும்னு உங்க ஆபீஸுக்கு ஒரு கார்டு போட சொல்லுங்க.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்துலேர்ந்து ஒரு வாசகி,
பெங்களூரு